எங்கும் நிறைந்த சாட்சி

எங்கள் ரேஷன் கடையில் ஒரு கறுப்புப் பொட்டி இருக்கிறது. விரலை வைத்தால் ஆள் யார் என்று சொல்லும். என் கட்டைவிரலை வைத்தால் மட்டும் சிவப்பு விளக்கு எரியும். நான் அப்பாவு இல்லையாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் பட்டறையில் காலமெல்லாம் சுட்ட மண்ணை அள்ளிய விரல். ரேகை ஏதாவது மிச்சம் இருந்தால் அந்தப் பட்டறைத் தரையில்தான் போய்த் தேட வேண்டும். கடைக்காரி கண்ணம்மா மாசாமாசம் சொல்வாள்: "நைனா, நீ நீயில்லன்னு சொல்லுது. போய் ஒம் பொண்ண இட்டா." நானும் மகள் ஷோபனாவைக் கூட்டிப்போய் அவள் விரலை வைத்து அரிசி வாங்கி வருவேன். அரசாங்கத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். அதுவே போதும் என்று இருந்தவன் நான்.

ஷோபனா செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பார்சல் குடோனில் வேலை பார்த்தாள். அங்கே சூப்பர்வைசர் அருள். ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இவள் அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணிக்கு, எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டான். கையில் இரும்பு ராடு. நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். என் கண்ணெதிரில் அவள் வலது காதோடு சேர்த்து ஒரே அடி. ராடை அங்கேயே போட்டான். "போ நைனா, யார் கைல வேணா போய் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு நிதானமாக வண்டியை உதைத்துக் கிளம்பினான்.

அன்றிலிருந்து அவளுக்கு வலது காது கேட்காது. இப்போதெல்லாம் நான் அவளுக்கு இடப்பக்கமாகத்தான் நடக்கிறேன்.

அடித்தவன் இருக்கிறான். அடிபட்டவள் இருக்கிறாள். அடித்த ராடு இருக்கிறது. பார்த்தவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். இந்த வழக்கை நடத்த என்ன கஷ்டம் என்று நினைத்தேன். படிக்காதவன் அப்படித்தான் நினைப்பான்.

ஸ்டேஷனில் ஏட்டு இருதயராஜ் ராடை வாங்கி ஒரு மூலையில் சாத்தினார். அருளை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். அவன் தன் மாமன் காரில் வந்தான், டீ குடித்தான், ஜாமீன் எழுதிக் கொடுத்தான், அதே காரில் போனான். எல்லாம் அரை மணி நேரத்துக்குள்.

"கவலப்படாத நைனா. இப்ப கேஸெல்லாம் நாங்க எழுதறதில்ல. ஹைரோட்ல புச்சா ஒரு மையம் தெறந்துகீறாங்கோ. கம்ப்யூட்டரே எழுதிடும். நீ அங்க போய் வக்கீல் சிவராமன் சார பாரு" என்றார் இருதயராஜ்.

நான் ஷோபனாவைக் கூட்டிக்கொண்டு போன அன்றுதான் அந்த மையத்துக்குத் திறப்பு விழா. ஒரு பர்னிச்சர் கடைக்கு மேல் மாடி. வாசலில் வாழைமரம். 'வழக்குத் தயாரிப்பு நவீன மையம்' என்று பலகை. உள்ளே மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர், அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு இருப்பதற்கு மாலை போட்டார்களா, போனதற்குப் போட்டார்களா என்று எனக்கு விளங்கவில்லை. அதன் பெயர் நீதித் தோழன்.

ஒரு பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! இத்தனை ஆண்டுகளாக நமக்குப் பெரிய தலைவலி எது? சாட்சிகள்! கூப்பிட்டால் வருவதில்லை. வந்தால் மறந்துவிடுகிறார்கள். மறக்காதவர்கள் நடந்ததை நடந்தபடியே சொல்லி வழக்கைக் கெடுத்துவிடுகிறார்கள். இனி அந்தக் கவலை இல்லை. நம்முடைய பழைய வழக்குக் கட்டுகள் அத்தனையையும் நீதித் தோழன் படித்து முடித்துவிட்டது. நாம் இதுவரை எப்படி வழக்குத் தயாரித்தோமோ, அதே முறையில், ஆனால் ஒரு நிமிடத்தில் தயாரித்துத் தரும். சாட்சி இல்லை என்ற பேச்சுக்கே இனி இடமில்லை!"

எல்லாரும் கை தட்டினார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆகவே நானும் சிரிக்கவில்லை.

உள்ளே போகும் வழியில் பிரசன்னா என்று ஒருத்தன் கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போனை வைத்துக்கொண்டு நின்றான். ஈரோட்டுக்காரன். கொரட்டூரில் பிளாட்டில் குடியிருக்கிறானாம். கம்ப்யூட்டரை விற்ற கம்பெனி அவனையும் சேர்த்து அனுப்பியிருக்கிறது.

"ஐயா, இதுல ஒரு விரல் வைங்க. வந்துட்டுப் போனதுக்குப் பதிவுங்க, வேற ஒண்ணுமில்லைங்க."

நான் எதிலும் சட்டென்று விரல் வைக்கிற ஆள் இல்லை. வைக்காவிட்டால் உள்ளே விடமாட்டேன் என்றான். வைத்தேன். வைத்த உடனே பச்சை விளக்கு. 'வருக அப்பாவு' என்று என் பெயரோடு எழுத்து வந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஏம்பா, ரேஷன் கடையில நாலு வருஷமா இந்த வெரலு செல்லல. இதுக்கு மட்டும் எப்டித் தெரிஞ்சுது?"

"பழைய மெஷினுங்களுக்கு ரேகை முழுசா வேணுங்க ஐயா. இதுக்கு லேசா ஒரு ஓரம் கிடைச்சாப் போதும். இல்லாத ரேகையை அதுவே யூகிச்சுப் போட்டுக்குங்க."

அவன் பெருமையாகச் சொன்னான். அப்போதே நான் திரும்பி ஓடியிருக்க வேண்டும்.

அரசு வக்கீல் சிவராமன் நல்ல மனுஷர்தான். சிரித்த முகம். மேசைமேல் துளசிச் செடி. ஷோபனாவுக்கு நாற்காலி போட்டார். எங்கள் பின்னாலேயே உள்ளே வந்த பிரசன்னாவைப் பார்த்து அவர் தலையாட்ட, அவன் என்னமோ தட்ட, பக்கத்தில் இருந்த மெஷின் தாள் தாளாகத் துப்பியது. சிவராமன் எடுத்து வாசித்தார்.

"மேற்படி தேதியில் எதிரி அருள் என்பவர் பட்டாக்கத்தியைச் சுழற்றிக்கொண்டு வந்து, 'நான் யார் தெரியுமா, இந்த ஏரியாவுக்கே ரௌடி, எவனாவது குறுக்கே வந்தால் குத்திக் குடலை உருவிவிடுவேன்' என்று கூச்சலிட, பொதுமக்கள் சிதறி ஓடியும், கடைக்காரர்கள் கதவைச் சாத்தியும்…"

"சார், கத்தி இல்ல, ராடு" என்றேன். "எங்க தெருவுல கடையே கெடயாது."

கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பின்னர் எதிரி தாமாக முன்வந்து, 'என்னை அழைத்துச் சென்றால் கத்தியை மறைத்து வைத்த இடத்தைக் காட்டுகிறேன்' என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்து, ஏரிக்கரை முட்புதரிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பட்டாக்கத்தியை எடுத்துக் கொடுத்தார். காவலில் இருந்தபோது தப்பியோட முயன்று கழிவறையில் வழுக்கி விழுந்ததில் எதிரியின் வலது கை முறிந்து, மாவுக்கட்டுப் போடப்பட்டுள்ளது."

"சார், அவன் கக்கூஸுக்கே போவலியே! டீ குடிச்சான், கார்ல ஏறிப் போய்ட்டான். நா பாத்துகினுதான இருந்தேன்."

"அந்த ராட கூட நைனாதான் ஸ்டேஷன்ல குடுத்துச்சு சார். ஏட்டு ரூம்ல கதவாண்ட கீது" என்றாள் ஷோபனா.

சிவராமன் தாளை வைத்துவிட்டுச் சிரித்தார். குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"பெரியவரே, இது ஆயிரக்கணக்கான வழக்கைப் படிச்சிருக்கு. நீங்க ஒரு வழக்கைத்தான் பாத்திருக்கீங்க."

"பாத்திருக்கேன் சார். அது படிக்கத்தான் செஞ்சிருக்கு."

"இருக்கலாம். ஆனா எல்லா வழக்குலயும் கத்தி புதர்லதான் கிடைச்சிருக்கு. எல்லா எதிரியும் பாத்ரூம்ல விழுந்திருக்கான். உங்க வழக்கு மட்டும் தனியா நின்னா கோர்ட்டுக்குச் சந்தேகம் வந்துடும்."

"அப்ப நீங்க பேனால அடிச்சி ராடுன்னு எழுதிடுங்க சார். ஒரு வார்த்ததானே."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அது எழுதினதை நான் திருத்தினா, ஏன் திருத்தினேன்னு மேல விளக்கம் கேப்பாங்க. மாசத்துக்கு இவ்வளவுதான் திருத்தலாம்னு கட்டுப்பாடு இருக்கு. இந்த மாசத்துக்கு உள்ளது முடிஞ்சு போச்சு."

"எந்தக் கேஸ்ல சார் திருத்துனீங்க?"

"கேஸ்ல இல்ல. திறப்பு விழாப் பேச்சையும் இதுதான் எழுதிக் குடுத்தது. அதுல அதிகாரிக்குத் தம்பட்டம் கொஞ்சம் கம்மியா இருந்தது."

என் மகளின் காதை உடைத்த ராடு, அப்படியாகக் கத்தி ஆயிற்று.

அடுத்த வாரம் சாட்சிகளுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை. கண்ணாடித் திரைக்கு முன்னால் என்னை உட்கார வைத்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், ரயில்வே ஸ்டேஷனில் வண்டி லேட் என்று சொல்கிற அதே குரல்.

"வணக்கம் ஐயா. தங்கள் வேதனையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்."

"எனக்கு வேதன இல்லம்மா. எம் பொண்ணுக்குத்தான் காது."

"மிக்க நன்றி. சம்பவத்தன்று எதிரி எந்த ஆயுதத்தால் தாக்கினார்?"

"ராடு."

"தங்கள் பதில் ஆவணத்துடன் பொருந்தவில்லை. பதற்றமில்லாமல் மீண்டும் முயலுங்கள்."

"இரும்பு ராடு."

"அருமையான முயற்சி. ஆயினும் பொருந்தவில்லை. ஒரு குறிப்பு தரட்டுமா? அது கூர்மையானது."

நான் எழுந்து திரையிடம் போய், பட்டறையில் பேசுகிற பாஷையில் நாலு வார்த்தை சொன்னேன். அது அதற்கும் நன்றி சொன்னது. வெளியே வந்தபோது பிரசன்னா ஒரு தாளைக் காட்டினான். 'சாட்சியின் நம்பகத்தன்மை: குறைவு. காரணம்: ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.'

"ஐயா, கொஞ்சம் ஒத்துழைச்சீங்கன்னா மார்க்கு ஏறுங்க" என்றான் பாவம் போல.

"தம்பி, நா பரிச்ச எழுத வர்ல."

ஷோபனாவைக் கேட்டபோதும் ராடு என்றுதான் சொன்னாளாம். அவளுக்கு 'அதிர்ச்சியால் நினைவு பிறழ்ந்தவர்' என்று எழுதிவிட்டது.

சரி, கோர்ட்டில் ஜட்ஜ் அம்மாவிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மகளுக்கும் அதைத்தான் சொன்னேன். அதற்குள் தபால்காரர் வர ஆரம்பித்தார்.

முதல் சம்மன் ஆவடியில் ஒரு கஞ்சா வழக்கு. நான் சாட்சியாம். இரண்டாவது பூந்தமல்லியில் பைக் திருட்டு. அப்புறம் குத்தம்பாக்கத்தில் புது பஸ் நிலையம் பக்கத்தில் யாரோ யாரையோ வெட்டியது. அங்கே நான் இன்னும் பஸ் ஏறினதுகூட இல்லை. சில நாள் தபால்காரர் கட்டாகவே கொடுத்தார். "இன்னா நைனா, ஊர்ல ஒரு கேஸ் உடமாட்டியா?" என்று தெருவில் எல்லாரும் கேட்கும்படி சத்தமாக வேறு கேட்டார்.

அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். இருதயராஜ் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டு என்னை எதிரில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அங்கே கல்லாவுக்கு மேல் ஒரு கிழவன் படம், மாலை போட்டு.

"இது யார் தெரியுதா? வேம்புலி. தெய்வம் நைனா. ஒரு பொருள கைப்பத்துனா, ஊர்க்காரன் ரெண்டு பேர் பாத்தோம்னு மகஜர்ல கையெழுத்துப் போடணும். சட்டம். ஊர்க்காரன் எவன் வருவான்? கதவ சாத்திப்பான். இவரு இந்த பெஞ்சிலயே குந்தினு இருப்பாரு. ஒரு டீ, ஒரு மசால்வட. எதுன்னே கேக்க மாட்டாரு, கட்ட வெரல மசில தொட்டு வச்சிட்டு வடைய கடிப்பாரு. இருவது வருசம் இந்த வட்டாரத்துல நடந்த அத்தினி குத்தத்தையும் அவர்தான் பாத்தாரு. கண்ணுல பொர வந்து பார்வ போன பொறவும் பாத்தாரு."

"அவருக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம் ஏட்டய்யா?"

"அவரு போய்ட்டாரே! அத்த எங்கிட்ட கேக்காத. அந்தப் பொட்டிகிட்ட கேளு."

மையத்துக்குப் போனேன். பிரசன்னா திரையில் என்னமோ பார்த்துவிட்டு, முதல் தடவையாகக் கொஞ்சம் விழித்தான்.

"ஐயா, அது படிச்ச கட்டுல எல்லாத்துலயும் வேம்புலின்னு ஒருத்தர் இருக்காருங்க. அவர் இல்லாம வழக்கே இருக்க முடியாதுன்னு அது கத்துக்கிச்சு. அவர் இறந்துட்டாருன்னு போன மாசம் நாங்க சொன்னோம். உடனே அவரை மாதிரியே ஒரு ஆளை அதுவே தேடி எடுத்துக்கிச்சுங்க. வயசானவர், இந்தப் பக்கத்துக்காரர், படிப்புக் கம்மி, கட்டைவிரல் ரேகை கைவசம் இருக்கு. நூத்துக்குத் தொண்ணூத்தாறு நீங்க அவரோட பொருந்துறீங்க."

"நா கையெழுத்தே போடலியேப்பா?"

"வந்துட்டுப் போனதுக்குன்னு ஒண்ணு வச்சீங்கல்லங்க, அதையே எல்லாத்துலயும் வச்சிருக்கு."

நான் சிவராமன் அறைக்குள் நேராகப் போனேன். பையைத் துளசிச் செடி பக்கத்தில் கொட்டினேன்.

"சார், எம் பொண்ணு கேஸ்ல பாத்த சாட்சி நா ஒருத்தன்தான். எம் பேர இப்டி ஊர் பூரா எழுதி வச்சா, நாளைக்கு நா சொல்றத எவன் நம்புவான்? மொதல்ல இத்த எடுத்துடுங்க."

"நீங்க இதைத் தப்பா எடுத்துக்கறீங்க பெரியவரே. இந்த மாவட்டத்துலயே நம்பிக்கையான சாட்சின்னு உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கு. பெருமைப்படணும். ஒரு விஷயம் சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. நாங்க இருபது வருஷமா ஒரே ஆளை எல்லா வழக்குலயும் சாட்சியாப் போட்டோம், அது தப்புதான். ஒரு ஆள் செய்யற தப்பு. இப்ப மனுஷத் தப்புக்கே வழியில்லாம ஆக்கிட்டோம்."

அவர் அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. அன்று ஷோபனா வெளுத்த மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். கூண்டில் நின்று நடந்ததைச் சொன்னாள். கை பிடித்தது, அறைந்தது, ராடு, அடி. அருளின் வக்கீல் வேண்டுமென்றே அவள் வலப்பக்கம் போய் நின்று கேள்வி கேட்டார். அவள் இரண்டு தடவை "இன்னா சார்?" என்றாள். "கேள்வியே புரியாதவர்" என்று அவர் ஜட்ஜைப் பார்த்துச் சொன்னார். பிறகு குற்றப்பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார்.

"அரசாங்கம் கத்தி என்கிறது. இந்தப் பெண் ராடு என்கிறார். எதை நம்புவது? இன்னொன்று. என் கட்சிக்காரருக்கு வலது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டதாக அரசாங்கமே எழுதியிருக்கிறது. அருள், கையைத் தூக்குப்பா."

அருள் இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிக் கும்பிட்டான். விரல்களை நீட்டி மடக்கியும் காட்டினான். அந்த வலது கையைத்தான் நான் பார்த்தேன். ராடைப் பிடித்த கை.

ஜட்ஜ் அம்மா சிவராமனைப் பார்த்தார். சிவராமன் எழுந்து, "விரைவில் குணமடைந்திருக்கிறார்" என்றார்.

அடுத்து நான்.

"பெரியவரே, சம்பவத்தன்று செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?" என்று வக்கீல் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"எங்க ஊட்டு வாசல்ல. படியில நின்னுகினு இருந்தேன். என் கண்ணால பாத்தேன்."

"நல்லது." அவர் கட்டிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்தார். ஊரில் அகப்பட்டவனெல்லாம் அவருடைய கட்சிக்காரன்தான். எல்லா வழக்கின் நகலும் அவரிடம் இருந்தது. "அதே செவ்வாய், அதே ஏழு மணிக்கு ஆவடியில் கஞ்சாப் பொட்டலம் கைப்பற்றியதை நீங்கள் நேரில் பார்த்து விரல் வைத்திருக்கிறீர்கள். அதே ஏழு மணிக்குப் பூந்தமல்லியில் பைக். அதே ஏழு மணிக்குக் குத்தம்பாக்கத்தில் அரிவாள். இது உங்கள் ரேகைதானே? நிபுணர் சான்று இருக்கிறது. ஐயா, நீங்கள் நடந்து போனீர்களா, பறந்து போனீர்களா?"

கோர்ட்டில் சிரித்தார்கள். பெஞ்ச் கிளார்க்கும் சிரித்தார்.

"அம்மா," என்றேன் ஜட்ஜைப் பார்த்து. "அது என் வெரலு இல்ல. என் வெரல்ல ரேகையே கெடயாது. ரேஷன் கடையாண்ட கேட்டுப் பாருங்க, நாலு வருசமா நா நானே இல்லன்னு சொல்லுது. அந்தப் பொட்டி பொய் எழுதுது. எம் பொண்ணு சொல்றதுதாம்மா மெய்யி."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க பெரியவரே" என்றார் ஜட்ஜ் அம்மா. அலுத்துப்போன குரல். அன்று அவருக்கு இன்னும் எத்தனை வழக்கோ. பிறகு சிவராமனிடம், "ஒரே நேரத்துல இவர் எப்படி இத்தனை இடத்துல இருந்தார்? உங்க விளக்கம் என்ன?" என்று கேட்டார்.

சிவராமன் எழுந்தார். கம்ப்யூட்டர் தப்பு என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. ஷோபனா தன் நல்ல காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"சாட்சி வயதுக்கு மீறிய சுறுசுறுப்பு உள்ளவர், யுவர் ஆனர்" என்றார் சிவராமன்.

சந்தேகத்தின் பலன் அருளுக்குப் போனது. ஷோபனாவின் காதுக்குப் பலன் எதுவும் இருப்பதாக அந்தத் தீர்ப்பில் இல்லை. வாசலில் அருள் என்னைப் பார்த்து, "நைனா, நம்ம பசங்க கேஸு இன்னும் நாலு கீது. அத்தினிலயும் நீதான் சாட்சி. ஒடம்ப பாத்துக்கோ, எங்களுக்கு நீ ரொம்ப முக்கியம்" என்றான். அவன் மாமன் கார் கதவைத் திறந்து விட்டான். நான் காறித் துப்பினேன். ஒரு போலீஸ்காரர் ஓடிவந்து, கோர்ட் வளாகத்தில் துப்பினால் அபராதம் என்றார்.

நாலைந்து நாள் கழித்து மையத்துக்குப் போனேன். மேல் கோர்ட்டுக்குப் போக வேண்டும், என் பெயரை எடுக்க வேண்டும், இரண்டையும் கேட்கத்தான். மறுபடியும் வாழைமரம். உள்ளே கேக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதே பெரிய அதிகாரி, அதே மைக்.

"அருள் வழக்கு விடுதலையில் முடியும் என்று நீதித் தோழன் முன்கூட்டியே கணித்திருந்தது! அதே போல விடுதலை! கஞ்சா வழக்கு தோற்கும் என்றது, தோற்றது! பைக் வழக்கு தோற்கும் என்றது, தோற்றது! அன்பர்களே, ஒரு கணிப்புகூடத் தவறவில்லை. மாநிலத்திலேயே மிகத் துல்லியமான மையம் என்று நமக்கு விருது வந்திருக்கிறது!"

கை தட்டல். சிவராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ என்னைப் பார்த்துவிட்டு, "அப்பாவு ஐயா வந்திருக்கார்!" என்று கத்த, நான் என்ன ஏது என்று கேட்பதற்குள் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. மிக அதிகமான வழக்குகளுக்கு ஒத்துழைத்த சாட்சி நானாம். போட்டோ எடுத்தார்கள். பிரசன்னா மட்டும் கேக்கைத் தொடாமல் ஓரமாக நின்றான்.

"சார், மேல் கோர்ட்டு?" என்றேன் சிவராமனிடம்.

"கேட்டுப் பாத்தேன் பெரியவரே. அப்பீல் போனாலும் தோற்கும்னு சொல்லுது. அது சொன்னா தப்பாது. நீங்களே பாத்தீங்களே."

பொன்னாடையை அந்தக் கம்ப்யூட்டர் தலையில் போட்டேன். அதற்குத்தான் பொருத்தமாக இருந்தது. பிரசன்னாவிடம் போய், "தம்பி, எம் பேர இதுலேந்து எடுத்துடு" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு பலகையை நீட்டினான். "எடுத்துடலாங்க ஐயா. ஆனா எடுக்கச் சொல்றது நீங்கதான்னு உறுதிப்படுத்த… ஒரு விரல் வைக்கணுங்க."

நான் இரண்டு கையையும் லுங்கி மடிப்புக்குள் செருகிக்கொண்டு படி இறங்கினேன்.

மாசம் பிறந்தது. அரிசி வாங்கவேண்டும். ஷோபனா குடோன் வேலையை விட்டுவிட்டாள். அங்கே அருள்தான் இன்னும் சூப்பர்வைசர். இருவருமாக ரேஷன் கடைக்குப் போனோம். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. கண்ணம்மா பொட்டியை நீட்டினாள். பழக்க தோஷம், கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.

"நைனா, எத்தினி தபா சொல்றது? இது நீயில்ல."

"இன்னொரு தபா சொல்லும்மா" என்றேன்.

"இன்னா?"

"நா அவன் இல்லன்னு இன்னொரு தபா சொல்லு. நல்லா சத்தமா. கோர்ட்டுக்கு வந்து சொல்றியா?"

"இந்தாளுக்கு இன்னா ஆச்சி?" என்றாள் கண்ணம்மா. பின்னால் நின்றவன், "பெருசு, ஓரமா போ, பஸ்ஸு பூடும்" என்று கத்தினான். நான் நகரவில்லை. அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வட்டாரத்தில் என்னைப் பற்றி உண்மை பேசுகிற அரசாங்கப் பொட்டி இது ஒன்றுதான். இதற்குச் சம்மன் அனுப்ப ஆள் இல்லை.

ஷோபனா என்னை மெல்லத் தள்ளிவிட்டுத் தன் விரலை வைத்தாள். உடனே பச்சை.

"பாத்தியா, ஒம் பொண்ண நம்புது" என்றாள் கண்ணம்மா.

அவள் நின்றது ஷோபனாவின் வலப்பக்கம். ஷோபனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா நைனா சொல்றாங்க?"

நான் சுற்றி அவளுடைய இடப்பக்கம் போனேன்.

"பருப்பு ஸ்டாக் இல்லியாம்" என்றேன்.